விதி மின்னஞ்சல் அனுப்புமா?

கையேடு எழுதுபவர்களிடம் இன்று ஒரு வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் இது பயனருக்கு, இது மெக்கானிக்குக்கு, இது நிர்வாகிக்கு என்று குறி போடலாம். வடிகட்டியை மாற்றினால் வேறொரு கையேடு வந்துவிடும். 2005-லேயே பொதுத் தரமாகிவிட்ட டிட்டா முறையில் இது அன்றாட வேலை. நல்ல வேலையும்கூட. வேலைக்குப் புதிதாக வந்தவர் தலையில் எண்ணூறு பக்கத்தைக் கொட்டுவது கற்பிப்பதாகாது.

ஆனால், "இவருக்கு இது தேவையில்லை" என்று முடிவு செய்வது யார்? யாருடைய லாபத்துக்காக?

போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் எம்.சி.ஏ.எஸ். என்றொரு மென்பொருள் இருந்தது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும். இரண்டு சென்சார்கள் இருந்தும் ஒரு பயணத்தில் ஒன்றின் பேச்சை மட்டுமே அப்போது கேட்டது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிச் சொல்லாமல் விட 2016-ல் நிறுவனம் அனுமதி கேட்டது, கிடைத்தது. நீக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் பின்னர் வெளியே வந்தன. பழைய 737 ஓட்டியவர்கள் சிமுலேட்டர் பயிற்சி இல்லாமலே புதியதை ஓட்டலாம் என்று சொல்லித்தான் விமானம் விற்கப்பட்டது. அந்தப் பயிற்சி கட்டாயமானால் விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள்.

2018 அக்டோபர் 29. ஒரு சென்சார் தவறான அளவைக் காட்டியது. லயன் ஏர் நிறுவனத்தின் மேக்ஸ் விமானம் ஒன்றின் மூக்கு திரும்பத் திரும்பக் கீழே இறங்கியது. விமானிகள் கையேட்டைப் புரட்டினார்கள். எழுதாததை எந்தப் பக்கத்தில் தேடுவது? ஜாவாக் கடலில் 189 பேர் இறந்தார்கள்.

இதை விதி என்பீர்களா? விதி மின்னஞ்சல் அனுப்புமா?

ஐந்து மாதம்கூட ஆகவில்லை, எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ் விழுந்து 157 பேர் மாண்டார்கள். அதற்குள் எம்.சி.ஏ.எஸ். பற்றி விமானிகளுக்குத் தெரிந்திருந்தது, காப்பாற்றவில்லை. கோளாறு வடிவமைப்பிலேயே இருந்தது. அதனால் மறைத்தது சின்னக் குற்றமாகிவிடுமா? உலகெங்கும் ஆயிரக்கணக்கான விமானிகள் முதலிலேயே அதைப் படித்திருந்தால், "ஒரே ஒரு சென்சாரை நம்பியா இதை விட்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவராவது கேட்டிருக்க மாட்டாரா? எழுதாமல் விட்டபோது அந்தக் கேள்வியையும் சேர்த்தே பறித்தார்கள்.

வடிகட்டி தடயம் விடாது என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. பக்க எண்கள் வரிசை பிசகாமல் ஓடும். எதை இழந்தோம் என்பதே வாசகருக்குத் தெரியாது. தெரியாததை அவர் எப்படிக் கேட்பார்?

கையேடு எழுதும் நண்பரே, நுணுக்கத்தைக் குறையுங்கள், மொழியை எளிமையாக்குங்கள். உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் பத்திக்கு மட்டும் வாசகர் குறி போடாதீர்கள். நீக்கச் சொல்கிறவர் மேலதிகாரியாக இருந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.