அழைப்பவரின் கடன்

ரெடிட் தளம் 2005 ஜூனில் தொடங்கியபோது அங்கே பேச ஆளில்லை. கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய தளம் அது. காலிக் கூடத்தை எட்டிப் பார்ப்பவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்பதால், அவர்களே விதவிதமான பெயர்களில் இணைப்புகளைப் பதிந்தார்கள். நிர்வாகிகளுக்கான பதிவுப் படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் இருந்தது. அதில் எந்தப் பெயரை அடித்தாலும் அந்தப் பெயரில் ஒரு புது உறுப்பினர் பிறந்து, இணைப்பு அவர் போட்டதாகக் காட்டும். சில மாதங்களில் நிஜ மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள், பொய்ப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஹஃப்மன் பின்னாளில் இதை வெளிப்படையாகவே சொன்னார். தொழில் தொடங்குவோருக்கான சாமர்த்தியப் பாடமாக இன்றும் இது சொல்லப்படுகிறது.

இதில் தவறு என்ன என்று கேட்கலாம். யாருடைய பணமும் போகவில்லை, வந்தவர்களுக்குப் படிக்க நல்ல விஷயங்கள் கிடைத்தன. ஆனால் ஒரு இணையச் சமூகத்துக்குள் நுழைபவர், தன்னைப் போன்றவர்கள் ஏற்கெனவே அங்கே கூடியிருக்கிறார்கள் என்று நம்பித்தான் நுழைகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது பொய். சின்னப் பொய், ஆயுளும் குறைவு. மன்னித்துவிடலாம், மெச்ச வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலானது, முகம் தெரிந்தவர் வாயால் வரும் அழைப்பு. கல்யாணத் தரகர் ஒரு வரனைப் புகழ்ந்தால், அவருக்குக் கமிஷன் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; பத்துச் சொன்னால் நாலாக எடுத்துக்கொள்வார்கள். அதையே தாய்மாமன் சொன்னால் பத்தும் பத்தாகவே நிற்கும். தரகரிடம் அறக்குறை எதுவும் இல்லை, அவர் தொழிலை மறைக்கவில்லை. மாமாவும் மாப்பிள்ளை வீட்டில் கை நீட்டியிருந்தார் என்று பிறகு தெரிய வந்தால், அந்த வரன் உண்மையிலேயே நல்ல வரனாக இருந்தாலும் மனம் ஆறாது. அவர் விற்றது, அந்தக் குடும்பம் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை. அது அவர் தனியாகச் சம்பாதித்த சொத்தும் இல்லை.

இந்த நம்பிக்கையையே விளம்பரமாக்க, புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 2001-இல் டிரெமர் என்ற திட்டத்தைத் தொடங்கி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரைத் திரட்டியது; பிறகு தாய்மார்களுக்காக வோக்கல்பாயிண்ட் வந்தது. சம்பளம் கிடையாது. மாதிரிப் பொருட்களும் கூப்பன்களும் வரும். பிடித்திருந்தால் தோழிகளிடம் சொல்லலாம். இப்படிச் சொல்லவேண்டும் என்ற கட்டளை இல்லை. நிறுவனத்தோடு தொடர்பு உண்டு என்பதைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கமர்ஷியல் அலர்ட் என்ற அமைப்பு 2005-இல் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையத்தில் புகார் கொடுத்தது. மறு ஆண்டு டிசம்பரில் வந்த பதில், பொது விசாரணைக்கு மறுத்தாலும், இத்தகைய தொடர்பை மறைப்பது ஏமாற்றாகலாம் என்று ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றி, 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியும் அதையே கேட்கிறது: பணம், இலவசப் பொருள், தள்ளுபடி, உறவு, வேலை என்று எந்தத் தொடர்பு இருந்தாலும் சொல்லிவிடு. ஆனால் அது பிரபலங்களுக்கும் சமூக ஊடகத்தில் செல்வாக்குள்ளவர்களுக்கும் உரியது. “இந்த குரூப்ல சேர்ந்துடு கண்ணு, ரொம்ப நல்லா இருக்கு” என்று அத்தை அனுப்பும் செய்திக்கு எந்தத் துறையும் விதி எழுத முடியாது. அங்கே அவரவர் மனசாட்சிதான் அதிகாரி.

அப்படியானால் ஆதாயம் துளி இருந்தாலும் வாய் திறக்கக்கூடாதா? அப்படிக் கறாராகப் பார்த்தால் யாரும் யாரையும் எங்கும் அழைக்க முடியாது. தனக்குப் பிடித்த இடத்தில் ஆள் கூடவேண்டும் என்ற ஆசையும் ஒரு ஆதாயம்தானே. இதற்கு ஒரு நல்ல விடை குடிநோயாளிகளின் வரலாற்றில் இருக்கிறது. 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் ஒரு ஓட்டல் முகப்பில் நின்றிருந்தார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன; பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியைச் சுழற்றினார், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் தேவை என்று. அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் இரவு வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய மாதங்களில் வில்சன் பலருக்கு உபதேசம் செய்து பார்த்தார், ஒருவரும் திருந்தவில்லை. ஏக்ரனில் அவர் உபதேசிக்கவில்லை. தான் குடிக்காமல் இருக்கவே இந்தப் பேச்சு தனக்குத் தேவை என்றார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இப்படித்தான் பிறந்தது. வில்சனுக்கு ஆதாயம் இருந்தது, அதுவும் உயிரைக் காக்கும் ஆதாயம். அதை முதலிலேயே மேசைமேல் வைத்தார். 1950-இல் அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட மரபுகளில் ஒன்று, விளம்பரம் செய்து ஆள் சேர்க்காமல் தன்பால் ஈர்ப்பது என்பது. பத்திரிகையில் உறுப்பினர்கள் முழுப்பெயரோடு தோன்றுவதில்லை. கூட்டத்தில் ஒருவர் தன் கதையை மட்டும் சொல்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் யார் என்பதை வெளியே கொண்டுபோவதில்லை. சென்னையிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கொரோனா காலத்தில் உலகெங்கும் பல கூட்டங்கள் திரைக்கு மாறின, அப்போதும் மரபு மாறவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரரை வெளியே சொல்லாத இந்தக் கட்டுப்பாட்டை நம் கைபேசிச் செயலிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். புதிதாகச் சேர்ந்த உடனே தொடர்புப் பட்டியலைக் கொடு என்கிறது செயலி. ‘சம்மதம்’ என்று ஒரு தட்டு. தட்டியவர் கொடுத்தது தன் எண்ணை மட்டுமா? மருத்துவர், பால்காரர், பேச்சுவார்த்தை முறிந்த நண்பர் எல்லோருடைய எண்களும் அதோடு போகின்றன. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒருமுறை அழைக்கச் சம்மதித்தவர் பெயரில், அவருக்குத் தெரியாமல் மேலும் நினைவூட்டல்கள் அனுப்பியதாக எழுந்த வழக்கில் லிங்க்ட்இன் 2015-இல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த மின்னஞ்சலை வாங்கியவர், நண்பர்தான் இப்படி நச்சரிக்கிறார் என்று நினைத்திருப்பார்.

வாட்ஸப் குழுக்களில் பெரும்பாலும் அழைப்பு என்ற சடங்கு கிடையாது, இழுத்துப் போடுவதுதான். தன்னைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதி 2019 ஏப்ரலில்தான் வந்தது. வெளியேறினால் எல்லோருக்கும் அறிவிப்பு போகும் என்பது 2022 வரை நீடித்தது. சம்பந்தி வீட்டுக் குழுவிலிருந்து ‘லெஃப்ட்’ ஆக எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்? மறுக்க வழியில்லாத அழைப்பை அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். வற்புறுத்தல் என்ற பெயர்தான் அதற்குப் பொருந்தும்.

உள்ளன்போடு சொன்னேன் என்பது போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களில் உறவினரைச் சேர்த்துவிடுபவர்களில் பலர் மோசடிக்காரர்கள் அல்ல, முதல் தவணை கையில் வந்ததும் நம்பியவர்கள். இன்றைய டெலிகிராம் ‘டாஸ்க்’ மோசடியிலும் முதலில் சின்னத் தொகை வருகிறது. இந்தியாவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய திட்டங்களை நடத்துபவரோடு நிற்காமல், உறுப்பினராகச் சேர்வதையும் தடை செய்கிறது. கடுமைதான். ஆனால் ‘எனக்கு வந்தது’ என்பது சாட்சி, ‘உனக்கும் வரும்’ என்பது வாக்குறுதி. முதலாவதைச் சொல்லும் உரிமை அனுபவப்பட்ட யாருக்கும் உண்டு. இரண்டாவதைச் சொன்னவர் பின்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில் சொல்லும் கடமையை அமைப்பாகவே கட்டியவர்கள் உண்டு. கணினித் துறையினரின் லாப்ஸ்டர்ஸ் தளம் 2012-இல் தொடங்கியது. ஏற்கெனவே உள்ள ஒருவர் அழைத்தால்தான் சேர முடியும். யார் யாரை அழைத்தார் என்பது மரம் போல எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தொல்லை கொடுப்பவர் வந்தால் கொடியைப் பிடித்து வேர்வரை போகலாம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நம் ஊரில் இப்படி ஒரு மரம் வரைந்தால் அது எப்படி வளரும்? வாய்ச்சொல் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோமோ, யாரோடு சம்பந்தம் வைக்கிறோமோ, அந்தத் தடத்திலேயே ஓடும். வேலை காலியாவதும் வீடு காலியாவதும் ஊரில் அப்படித்தான் சிலர் காதுக்கு மட்டும் எட்டுகின்றன. அழைக்கப்பட்டவரிடம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், சொல்லப்படாமலே போனவருக்குச் செய்த அநியாயம் கணக்கில் வராது. பொய் சொன்னவரைப் பிடிக்கலாம். சொல்லாமல் விட்டவர் தான் எதையாவது விட்டதாகவே அறியமாட்டார்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு யாருடைய பரிந்துரையும் தேவையில்லை, எவரும் போய் எழுதலாம். கதவு திறந்திருந்தால் போதாது என்று கண்டுதான் அதன் பங்களிப்பாளர்கள் கல்லூரிகளிலும் ஆசிரியர்களிடையிலும் பயிலரங்குகள் நடத்தினார்கள். எந்தக் கல்லூரி என்பதை முடிவு செய்ததில், அங்கே தெரிந்த பேராசிரியர் ஒருவர் இருந்தது எத்தனை முறை உதவியிருக்கும் என்று யோசிக்கலாம்.