பூதம் யார் கணக்கில்?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் செலவு யாருக்கு? வெட்டச் சொன்னவருக்கா, வெட்டியவருக்கா?

சர்வதேசக் கட்டுமான வேலைகளுக்கு மாதிரி ஒப்பந்தம் எழுதித் தருவது ஃபிடிக் என்கிற பொறியியல் ஆலோசகர்கள் கூட்டமைப்பு. 'கட்டி முடித்துச் சாவியைக் கொடு' ரக வேலைகளுக்காக 1999-ல் அது வெளியிட்ட வெள்ளிப் புத்தகம், பட்டென்று சொல்லிவிட்டது: பூமிக்கடியில் எது கிளம்பினாலும் பொதுவாக அது கான்ட்ராக்டர் தலையில்!

வெளிநாடுகளில் வேலை எடுக்கும் ஐரோப்பிய கான்ட்ராக்டர்களின் சங்கமான இ.ஐ.சி. சும்மா இருக்குமா? 2000-ல் கையேடு போட்டே மல்லுக்கு நின்றது. யாராலும் பார்க்க முடியாததை இவர் மட்டும் முன்கூட்டியே பார்த்திருக்கணும் என்றால் எப்படி? சங்கம் லாபத்துக்காகத்தான் பேசுகிறது, பேசட்டுமே. நியாயம் நியாயம்தானே!

எனக்கு உறுத்துவது வேறு. மேலே வாதாடித் தோற்ற பெரிய கான்ட்ராக்டர், அதே நிபந்தனையை அப்படியே நகலெடுத்து சப்-கான்ட்ராக்டரிடம் நீட்டுவதும் உண்டு. ரெண்டு பொக்லைன் வைத்திருக்கிற அந்த உள்ளூர்க்காரருக்குக் கையேடு போட பெர்லினில் யார் இருக்காங்க?