ஐம்பத்து மூன்றாவது இடம்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மாலை 4 மணிக்குள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு வேலை போய்விடும். நாளும் நேரமும் பல மாதங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். தொழிற்சங்கமும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. மறியல் இல்லை, தலையங்கம் இல்லை. பயிற்சி முகாம்களைப் படம்பிடித்துக் காட்டும் ‘ஹார்ட் நாக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2001இல் தொடங்கியது. வேலை போன செய்தியை ஓர் இளைஞன் கேட்டுக்கொள்ளும் காட்சிகள் அதில் பெரிதும் பேசப்படுபவை.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்தை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, எதிரே வருபவனை மோதி வீழ்த்தும் ஆட்டம். அதன் தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். கோடைக்கால முகாமில் ஓர் அணி 90 பேரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்குமுன் 53 ஆகக் குறைத்துவிட வேண்டும். கழிக்கப்பட்டவரைத் தேடிப்பிடித்துச் சொல்வதற்கென்று ஒவ்வோர் அணியிலும் ஓர் ஊழியர் உண்டு. “கோச் உங்களைப் பார்க்கணுமாம். பிளேபுக்கையும் எடுத்துக்கிட்டு வாங்க.” ஆட்ட உத்திகள் அடங்கிய அந்தப் புத்தகம் இப்போது டேப்லெட்டுக்குள் போய்விட்டது. அதையும் திருப்பித் தர வேண்டியதுதான்.

இந்த 53 பேரில் முதல் முப்பது பேர் யார் என்பதில் பெரிய சந்தேகம் இருப்பதில்லை. தாக்கும் அணிக்கு 11 பேர், தடுக்கும் அணிக்கு 11 பேர், பந்தை உதைக்க இருவர், உதைப்பவருக்குக் கால்களுக்கிடையே பந்தை எறிந்து கொடுக்க ஒருவர். பெரும்பணம் கொடுத்து எடுத்த சிலரையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் பாதிக்குமேல் நிறைந்துவிடும். உண்மையான போட்டி கடைசி ஏழெட்டு இடங்களுக்குத்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ஆறாவது பந்துபிடிப்பவர் ஏழாவது பந்துபிடிப்பவரோடு போட்டியிடுகிறார் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அவருடைய போட்டியாளர் வேறு வேலை செய்யும் ஒன்பதாவது தடுப்பு வரிசைக்காரர். முகாமின் கடைசி வாரத்தில் யாரோ ஒரு பெரிய தடுப்பாளருக்கு முழங்கால் பிசகினால், அந்த வரிசைக்கு ஓர் ஆளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த மாதம் முழுக்க ஒரு பந்தையும் தவறவிடாத இளைஞன் ஊருக்குக் கிளம்புவான். அவன் ஆட்டத்தில் குறையில்லை, கணக்கில்தான் இடமில்லை.

ஆகவே, கூர்மையான மாற்று வீரன் தன் திறமையைக் காட்டுவதைவிட, தன்னை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டுவதிலேயே குறியாக இருப்பான். அதற்கான களம் ‘ஸ்பெஷல் டீம்ஸ்’: பந்து உதைக்கப்படும் நேரங்களில் மட்டும் இறங்கும் குழுக்கள். உதைத்த பந்தை ஏந்தி வருபவனைத் துரத்தி வீழ்த்துவது, உதைப்பவனுக்கு அரணாக நிற்பது போன்ற வேலைகள். நட்சத்திரங்களை இதில் இறக்கி ஆபத்தை வாங்க எந்தப் பயிற்சியாளரும் விரும்புவதில்லை. முகாமில் ஓர் இளைஞன் நான்காவது வரிசையில் நின்றாலும், இந்தக் குழுக்கள் நான்கிலும் அவனுக்கு வேலை இருந்தால், அவன் பெயரை அடிப்பதற்குமுன் பேனா தயங்கும். மேத்யூ ஸ்லேட்டர் 2008இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்தாம் சுற்றில் வந்தவர். பட்டியலில் அவர் பந்துபிடிப்பவர். 16 பருவங்கள் ஆடி அவர் பிடித்த பந்து ஒன்றே ஒன்று, 46 கஜத்துக்கு. ஆனால் ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டத்துக்காக 10 முறை நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானார், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் மூன்று வெற்றிகளில் பங்குபெற்றார். எந்த வேலைக்காக எடுக்கப்பட்டாரோ அதைச் செய்யாமலேயே ஒரு மகத்தான தொழில்வாழ்க்கையை நிறைவுசெய்தார்.

பயிற்சியும் எல்லோருக்கும் ஒரே அளவில் பரிமாறப்படுவதில்லை. முதல் வரிசைக்காரர்கள் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வரிசைக்கு மீதி. மூன்றாம் வரிசைக்காரன் ஓரத்தில் நின்று, தான் ஆடினால் என்ன செய்வான் என்று மனதுக்குள் ஆடிப்பார்க்க வேண்டும். முன்னோட்ட ஆட்டங்கள் 2021 முதல் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டன. ஆக, தன்னைக் காட்ட அவனுக்கு வாய்ப்பதே சில நிமிடங்கள்தான். பருவம் தொடங்கியபின் இன்னொரு விசித்திரமான பணி அவனுக்கு வாய்க்கிறது: அந்த வாரம் எதிர்கொள்ளப்போகும் அணியின் வீரனைப் போலவே பயிற்சியில் ஆடிக்காட்டுவது. எதிரியின் நடை, எதிரியின் வேகம், எதிரியின் தந்திரம். எவ்வளவு நன்றாக இன்னொருவனாக மாறுகிறானோ அவ்வளவு மதிப்பு. அடுத்த வாரம் வேறோர் எதிரி.

காயம்பட்டாலோ, அந்தச் சில நிமிடங்களும் போய்விடும். உடைமாற்றும் அறைகளில் வழங்கும் ஒரு சொலவடை உண்டு: சிகிச்சைத் தொட்டியில் கிடப்பவனுக்கு அணியில் இடம் கிடைக்காது. வலிக்கிறது என்று சொல்வதற்கு நட்சத்திரத்துக்கு இருக்கும் உரிமை ஐம்பத்து மூன்றாவது ஆளுக்கு இல்லை.

இனி, அளவுகோலைப் பற்றி. புதியவர்களை அணிகள் ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என்ற முறையும், யாரும் எடுக்காதவர்கள் தனியாக ஒப்பந்தம் போட்டு முகாமுக்கு வரும் வழியும் உண்டு. களத்தில் இறங்கியபின் எல்லோரும் சமம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஆனால் பாரி ஸ்டா, ஹா ஹோவாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்கக் கூடைப்பந்தைப் பற்றியது. முன்சுற்றில் எடுக்கப்பட்டவர்கள், ஆட்டத்திறனைக் கணக்கிலெடுத்த பின்னும், அதிக நேரம் களத்தில் விடப்படுகிறார்கள், அதிக காலம் வைத்துக்கொள்ளப்படுகிறார்கள் என்று அது காட்டியது. கால்பந்து மேலாளர்கள் வேறு களிமண்ணால் ஆனவர்கள் என்று நம்பக் காரணமில்லை. முதல் சுற்றில் எடுத்தவனைக் கழிப்பதென்றால், எடுத்தவர் தன் தவறுக்குத் தானே கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எடுக்காதவனைக் கழிக்க அந்தச் சங்கடம் இல்லை. அவன் சமமாக ஆடினால் போதாது. கழித்தால் வெட்கக்கேடு என்னும் அளவுக்கு ஆட வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு நிபந்தனை மிஞ்சுகிறது. அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. யாருக்காவது அடிபட வேண்டும்.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருடைய மாற்று ஆளின் நிலை வண்டியின் ஸ்டெப்னியைப் போன்றது: எப்போதும் முழுக் காற்றோடு இருக்க வேண்டும், சாலையைத் தொடும் நாள் மற்றொன்று வெடித்த நாளாகத்தான் இருக்கும். கர்ட் வார்னரை 1994 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கிரீன் பே அணியின் முகாமுக்குப் போய் கழிக்கப்பட்டு, அயோவா மாநிலத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். உள்ளரங்கக் கால்பந்து ஆடினார். ஐரோப்பாவுக்குப் போய் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு ஆடினார். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மாற்று ஆளானார். 1999 ஆகஸ்டில், ஒரு முன்னோட்ட ஆட்டத்தில், அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் போயிற்று. அந்தப் பருவத்தில் வார்னர் புள்ளி தரும் டச்டவுன் பாஸ்கள் 41 எறிந்தார், லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதையும் சூப்பர் பௌலையும் வென்றார். இந்தக் கதை புத்தகமாகவும் திரைப்படமாகவும் வந்தது. கிரீனின் முழங்காலுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கேட்பது நாகரிகமாகாது. ஆனால் அந்த முழங்கால் ஒழுங்காக இருந்திருந்தால், அதே உழைப்பு, அதே பொறுமை, அதே வலக்கை இருந்தும், வார்னர் என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

பிராக் பர்டியின் கதை இன்னும் துல்லியமானது. 2022 டிராஃப்டின் 262ஆவது ஆள், அதாவது கடைசி ஆள். கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று பட்டம் சூட்டி விழா எடுப்பது 1970களிலிருந்து வரும் வழக்கம். தேவையில்லாத மனிதர் என்று பொருள். சான் ஃபிரான்சிஸ்கோ அணி ஆகஸ்டில் அனுபவசாலியான நேட் சட்ஃபெல்டைக் கழித்துவிட்டுப் பர்டியை மூன்றாவது ஆளாக வைத்துக்கொண்டது. செப்டம்பரில் முதல் குவார்ட்டர்பேக்கின் கணுக்கால் முறிந்தது. டிசம்பரில் இரண்டாமவரின் பாதத்தில் அடி. பர்டி இறங்கினார், வென்றுகொண்டே போனார். 2023 ஜனவரியில், சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில், அவருடைய முழங்கைத் தசைநாரே கிழிந்தது. அடுத்து வந்தவர் ஜாஷ் ஜான்சன். 14 அணிகளில் இருந்தவர், அது லீகில் ஒரு சாதனை. 2008இலிருந்து அணி அணியாக மாறி, கழிக்கப்பட்டு, திரும்ப அழைக்கப்பட்டுக் காத்திருந்தவருக்கு, சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே, ஒட்டுமொத்த அணியும் கையில் வந்தது. மூன்றாம் கால்பகுதியில் தலையில் அடிபட்டு அவரும் வெளியேறினார். பந்தை எறிய முடியாத பர்டியே திரும்ப வந்து நின்றார். அணி 31-7 என்று தோற்றது. அதே ஆண்டு மே மாதம், அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்ள அணி உரிமையாளர்கள் விதி செய்தார்கள். ஜான்சனின் வாழ்நாள் காத்திருப்பு சாதிக்காததை, அவருடைய காயம் சாதித்தது: மற்ற மாற்று வீரர்களுக்கு ஆட்ட நாளில் ஓர் இடம் கூடியது.

காயங்களைக் குறைக்க எடுக்கும் முயற்சிகளோ இடங்களைக் குறைக்கின்றன. 2007 செப்டம்பரில் பஃபலோ அணியின் கெவின் எவரெட், இரண்டாம் பாதியைத் தொடங்கிவைத்த உதையான கிக்ஆஃபில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து விழுந்தார். மீண்டும் நடக்கவே மாட்டார் என்று அஞ்சினார்கள். நடந்தார், ஆனால் மறுபடி ஆடவில்லை. நெடுந்தூரம் ஓடிவந்து மோதும் கிக்ஆஃபின் ஆபத்தை லீக் மெல்ல ஒப்புக்கொண்டது. 2011இல் உதைக்கும் இடத்தை முன்னே தள்ளியதும், பந்தை ஏந்தி ஓடுவது குறைந்துபோயிற்று. 2024இல் வீரர்களை எதிரெதிரே நெருக்கமாக நிறுத்தும் புது அமைப்பு வந்து, அந்த ஓட்டத்துக்கு ஓரளவு உயிர் கொடுத்தது. சரியான சீர்திருத்தங்கள்தான். ஆனால் ஓடிப்போய் மோதுவதையே தன் தகுதியாகக் காட்டிவந்தவனுக்கு, அந்த ஆபத்துதான் ஏணியின் முதல் படி. அவன் உடம்பைக் காப்பாற்றும்போதே அவன் படியையும் எடுத்துவிடுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம் திறந்த ஆண்டும் ஒன்று உண்டு. 1987இல், விரும்பிய அணிக்கு மாறும் உரிமை கேட்டு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உரிமையாளர்கள் கழிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டு மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். வாஷிங்டன் அணியில் மறியலை மீறி ஒரு நட்சத்திரமும் உள்ளே போகவில்லை. முழுக்க மாற்று ஆட்கள்தான் ஆடினார்கள், மூன்று ஆட்டங்களிலும் வென்றார்கள். அந்தப் பருவத்தில் வாஷிங்டன் சூப்பர் பௌலை வென்றது. வந்தவர்கள் கருங்காலிகள் என்று ஏசப்பட்டார்கள். வாழ்நாளில் கிடைத்த ஒரே அழைப்பு, சக தொழிலாளியின் போராட்டத்தை உடைப்பதற்கான அழைப்பாக இருந்தது அவர்கள் தேர்ந்துகொண்டதல்ல. வேலைநிறுத்தம் தோற்றது. வெற்றி மோதிரம் அந்த மாற்று வீரர்களுக்கு 2018இல் தரப்பட்டது, 30 ஆண்டுகள் கழித்து.

இன்றைய ஏற்பாடு அன்றையதைவிட மனிதத்தன்மை உள்ளது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கு பருவங்கள் முடிக்காதவனைக் கழித்தால், மற்ற அணிகள் அவனை எடுத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் உண்டு. யாரும் எடுக்காவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கலாம். 2024இல் அதற்கு வாரச் சம்பளம் 12,500 டாலர்; முழுப் பருவம் நீடித்தால் 2,25,000 டாலர். அந்த ஆண்டு 53 பேர் பட்டியலில் இருந்த புதியவனுக்குக் குறைந்தபட்சம் 7,95,000 டாலர். சாதாரண உழைப்பாளி பெருமூச்சு விடும் தொகை இரண்டுமே. ஆனால் பயிற்சிக் குழு இடம் வாரா வாரம் நீட்டிக்கப்படும் வேலை. செவ்வாய்க்கிழமைகளில், வீரர்கள் ஓய்வெடுக்கும்போது, அவர்களின் இடத்துக்கு வேறு ஆட்களை வரவழைத்துச் சோதித்துப் பார்ப்பது அணிகளின் வழக்கம். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று பருவங்கள் கணக்கில் ஏற வேண்டும். வீரர்கள் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சராசரித் தொழில்வாழ்க்கை 3.3 ஆண்டுகள். இடையில் உள்ளது ஏறக்குறைய நான்கு மாதம்.

இந்த அமைப்பைப் பொய்யானது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை, தேதி, சம்பளம் எல்லாம் வெளிப்படை. பொய் இருப்பது, இதிலிருந்து நாம் வடித்தெடுக்கும் பாடத்தில்: விடாமல் உழைத்தவனுக்கு இடம் கிடைக்கும் என்பதில். 90 பேரும் விடாமல் உழைத்தவர்கள்தான். உழைக்காதவன் முகாமின் வாசலுக்கே வந்திருக்க மாட்டான். உழைப்பு நுழைவுக் கட்டணம். அதைக் கட்டியவர்களுக்குள் யார் என்பதை வேறொருவன் முழங்கால், மேலாளரின் பழைய முடிவு, ஒரு வரிசையின் பற்றாக்குறை ஆகியவை முடிவுசெய்கின்றன. அதனால் உழைப்பு வீண் என்றாகிவிடாது. அழைப்பு வந்த நாளில் வார்னரால் எறிய முடிந்தது. தயாராக இல்லாதவனுக்கு அடுத்தவன் முழங்காலாலும் பயனில்லை. வார்னருக்கே சொந்தமானது அந்தத் தயார்நிலை மட்டும்.

இடம் கிடைத்தவரைத்தான் நாம் மேடைக்கு அழைத்து, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்கிறோம். விடிகாலையில் எழுந்தேன், யாரும் விரும்பாத வேலையைச் செய்தேன், எல்லோருடைய வேலையையும் கற்றுக்கொண்டேன், நம்பிக்கை இழக்கவில்லை என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை பிளேபுக்கைத் திருப்பிக் கொடுத்தவரையும் அதே மேடையில் ஏற்றினால், கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியம்வரை அவரும் அதையே பேசுவார்.