புயலுக்கு அஞ்சுவது தவறா?

கோவிலூர் அன்பர் ஒருவருக்கு அதிராம்பட்டினத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை நினைத்து வீட்டார் தயங்குகின்றனர். "இப்படி அஞ்சுவது தவக்குலுக்கு மாறானதல்லவா?" என்று நம்மிடம் கேட்டார்.

மாறானதல்ல. மேகமும் காற்றும் எழுந்தால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடும். மழை பொழிந்த பின்னரே அக்கவலை நீங்கும் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அச்சம் ஈமானின் குறையென்றால் அது அவர்களிடம் இருந்திருக்குமா?

ஆயினும், அச்சத்தோடு நின்றுவிடலாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பாரத்தை ஒப்படைக்கச் சொன்னவர்களும் அவர்களே. உறுதியான வீடு, எச்சரிக்கை வந்ததும் வெளியேறும் துணிவு, பாதுகாப்பு மையத்துக்குச் செல்லும் வழி ஆகியவை இன்று நாம் கட்டவேண்டிய கட்டுகள்.

ஊரிலேயே இருந்துவிட்டால் தப்பலாமா? கஜா கடலோரத்தோடு நிற்கவில்லை. நம்மை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். போவதா, இருப்பதா என்று யோசிக்க நமக்கு வசதியுண்டு. கரையோரக் குடிசைவாசிக்கு அது இல்லை. அங்கே மாடி வீடு அமைந்தால், புயலிரவில் அதன் கதவு அவருக்கும் திறக்கட்டும். நம் பிள்ளைகளுக்காக அஞ்சும் நெஞ்சம் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் அஞ்சினால், அவ்வச்சமும் நன்மையாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.