கற்கும் பொறியும் மெய்கண்டார் வகுத்த எல்லையும்

சென்னையை அடுத்த படப்பைக் கடைத்தெருவில் இன்று கைபேசியிடம் தமிழில் பேசினால் அது எழுத்தாகிறது. பேச்சைப் பொறிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சி நம் பக்கத்தில் வேர்விட்ட இடங்களில் ஒன்று சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேச்சொலியை ஆராய்ந்த பேராசிரியர் பி. யக்ஞநாராயணா செயற்கை நரம்பு வலைகள் பற்றி எழுதிய பாடநூல் 1999இல் வெளிவந்தது. பேசுபவரை அடையாளம் காண அவர் குழு கையாண்ட ஒரு வலை எளிமையானது, அழகானது. உள்ளே வரும் குரற்கூறுகளை அப்படியே வெளியே தரும்படி அதைப் பழக்குவார்கள். நடுவே குறுகலான அடுக்கு இருப்பதால் எல்லாவற்றையும் கடத்திவிட முடியாது. பிழையைப் பார்த்துப் பார்த்து இணைப்புகளின் எடைகள் திருந்தும். பழகிய குரலுக்குப் பிழை சிறிது, அயல் குரலுக்குப் பெரிது. யாரும் விதி எழுதித் தரவில்லை, கற்பித்தார்கள், கற்றது. பிழையைப் பின்னோக்கிக் கடத்தித் திருத்தும் முறையை 1986இல் ரூமெல்ஹார்ட், வில்லியம்ஸ் ஆகியோருடன் பரவலாக்கிய ஜெஃப்ரி ஹிண்டன் 2024இல் இயற்பியல் நோபல் பெற்றார். இன்றைய வலைகள் மெய்யாகவே புரிந்துகொள்கின்றன என்பது அவர் கருத்து. கற்பதே உயிரின் அடையாளம் என்று நம்பியவர்களை இது கலக்கும்.

கலங்க வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் சைவ சித்தாந்தத்திலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டென்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். அறிவித்தால்தான் உயிர் அறியும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் உரைமரபின்படி அது உயிரை அறிவற்ற சடத்திலிருந்து பிரிக்க வந்ததன்று. தானே அறியும் இறைவனிடமிருந்து பிரிக்க வந்தது. உடலிலிருந்தும் மூச்சிலிருந்தும் பிரிக்க அவர் காட்டுவன வேறு: என் உடல் என்று சொல்ல ஒருவர் இருப்பது, உறக்கத்தில் மூச்சு ஓடியும் நுகர்ச்சி இல்லாதது. நான்காம் சூத்திரம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கையும் உயிரல்ல என ஒதுக்கி, அரசனுக்கு அமைச்சர்போல் உயிருக்குத் துணையாக வைக்கிறது. நினைப்பதற்கும் நிச்சயிப்பதற்கும் உரிய கருவிகள் உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து வந்த சடம் என்று ஒப்புக்கொண்ட தத்துவம், சிலிக்கானும் அவ்வேலையைச் செய்வதால் ஆட்டம் காணாது.

உயிர் கூடாமல் அக்கருவிகள் இயங்கா என்றும் சித்தாந்தம் சொல்கிறதே என்று கேட்கலாம். வலையும் உயிரின் துணையின்றி இயங்கவில்லை: அது பழகிய குரல்கள் மனிதருடையவை. எது பிழை என்று வகுத்ததும் மனிதரே. இதைவிடக் கடினமான மறுப்பு, மூளையும் எடைகள் திருந்தும் வலைதானே, உயிர் எதற்கு என்பது. அறிவு எப்படி உருவாகிறது என்பதை இது விளக்குகிறது, சரியென்றே கொள்ளலாம். அந்த அறிவால் வரும் இன்பமும் துன்பமும் யாருக்கு என்ற கேள்வியை இது தொடவே இல்லை. நாளை ஒருவர் பொறிக்கும் உயிர் உண்டு என்று வாதிட வந்தால், அவர் அதன் தேர்வு மதிப்பெண்களைக் காட்டிப் பயனில்லை. அது நோகிறது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும்.