தந்தையின் படப்பெட்டி

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தபோது, குடிமக்கள் உட்பட ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். அப்போரில் பணிபுரிந்த தந்தையின் நிழற்படங்களைப் பேணுவது பிள்ளைகளின் கடன். பின்புறம் பென்சிலால் ஊரும் பெயரும் குறித்து வைத்தலும் நன்று. ஆயின், தலைகுனிந்து நிற்கும் கைதியின் படத்தை ஊரார்க்குக் காட்டலாமா?

போர்க்கைதிகளைப் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையினின்று காக்க வேண்டுமென 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை பணிக்கிறது. அது சிறைப்படுத்திய அரசுக்குரிய விதி, நமக்கென்ன எனலாம். 1974 ஏப்ரலோடு அவர்கள் நாடு திரும்பியும்விட்டனர். ஆனால் அம்மனிதருக்கும் பிள்ளைகள் இருப்பர். அவர்களும் தம் தந்தையின் படத்தைத் தேடலாம், இக்கோலத்தில் அன்று. அப்படத்தைக் கிழிக்க வேண்டா. தந்தை சொல்லும் நினைவுகளோடு வீட்டிலேயே வையுங்கள். அக்கைதிக்கு அவர் தண்ணீர் கொடுத்ததுண்டா என்றும் கேளுங்கள்.