ஒரு கிலோமீட்டர் வட்டம்

2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடிப் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. நூற்றுக்கணக்கான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பது விதி. நல்லா இருக்கிறதும் சேர்த்துத்தான்.

மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றாது. பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் சாவுதான். 1921இல் மாண்ட்கோமெரி கென்யாவில் கண்டு எழுதிய நோய். நூறு வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு, 2023இல் வியட்நாம் அனுமதித்த தடுப்பூசிகளையும் உலகம் தயங்கித்தான் பார்க்கிறது. அதனால் வட்டம் தேவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

திற்பரப்பில் பன்றி வளர்க்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “திங்கதுக்குக் கொல்லலாம் மக்கா, நோயில்லாததக் குழியில தள்ளதுக்கு என்ன பேரு?”

தியாகம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. தியாகம் செய்ய அந்தப் பன்றியை யாரும் கேட்கவில்லை. வட்டத்துக்கு வெளியே தப்பித்ததும் கிறிஸ்துமஸுக்கு நம் சட்டிக்குத்தான் வரும். காப்பாற்றப்படுவது தொழில், நம்முடைய கறி. அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி நம்மிடம் வரும்: ஹோட்டல் மிச்சத்தை வேகவைக்காமல் போட்டாலே வைரஸ் பண்ணைக்குள் வரலாம் என்று தெரிந்தும், அந்த விறகுச் செலவை மிச்சம் பிடித்த விலையில் கறி கேட்கிறோமே, ஏன்?